கொத்தமல்லி சுற்றி வந்த காகிதத்துக்கும் சேர்த்து

சாட்ஸ்வொர்த் சொந்தங்களுக்கு வணக்கம்.

போன டிசம்பரோடு பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வழியனுப்பு விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். இரண்டு நிமிடம் பேசுவதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது. "எல்லோருக்கும் நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே! அதற்குத்தான் இந்தக் கடிதம். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் முன்பே சொல்லிவிட்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1999-இல் கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். 2002-இல் இங்கே ஓர் அரசு உயர்நிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தேன். முதல் நாள் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் நாயுடு, பிள்ளை, மூட்லி, படையாச்சி, கோவெண்டர் என்று வரிசையாகப் பெயர்கள். நம் பிள்ளைகள்தானே என்று வாய் தவறி, "என்னப்பா, எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே முழித்தது. ஒருவன் கையைத் தூக்கி, "மேம், அது ஹிந்திதானே?" என்றான். கோவெண்டர் என்பது கவுண்டர், மூட்லி என்பது முதலியார் என்று அவர்களுக்கும் தெரியாது. அதே பதிவேட்டில் இருந்த, இங்குள்ள ஜூலு மக்களின் பெயர்களான ட்லாமினியையும் ம்கிஸேயையும் எப்படி உச்சரிப்பது என்று எனக்கும் தெரியாது. முன்வரிசைப் பெண் ஒருத்தி ஒரு வாரம் இடைவேளையில் என் மேஜைக்கு வந்து, நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். முதல் நன்றி அவளுக்கு.

எங்கள் பள்ளியில் ஊடகக் கல்வி என்று தனிப் பாடம் கிடையாது. அது ஆங்கிலத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மெட்ரிக், அதாவது இங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு, ஆங்கிலம் முதல் தாளுக்கு 70 மதிப்பெண். அதில் விளம்பரத்தை அலசுவதற்கு 10, கார்ட்டூன் மாதிரியான மற்ற ஊடக விஷயங்களுக்கு 10. படிக்கும்போது சின்ன விஷயமாகத் தோன்றும். நடத்திப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். "இந்த விளம்பரத்தில் நிறங்கள் என்ன வேலை செய்கின்றன?" என்று கேள்வி இருக்கும். பிள்ளை கையில் இருப்பதோ நகலுக்கு நகல் எடுத்து சாம்பல் பூத்துப்போன ஒரு தாள். என்ன நிறத்தைப் பற்றி எழுதும்? கலர் பக்கங்கள் வேண்டும் என்று ஓர் அதிகாரியிடம் கேட்டதற்கு, "செய்தித்தாளெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை" என்று பதில் வந்தது. அவர் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தாரா என்று எனக்கு இன்னமும் சந்தேகம்தான். சரி, அது போகட்டும்.

நம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கொத்தமல்லி, கறிவேப்பிலை விற்கும் பெரியம்மாதான் என்னைக் காப்பாற்றினார். ஒரு வெள்ளிக்கிழமை வாங்கி வந்த கட்டைப் பிரித்தால், சுற்றியிருந்த காகிதம் ஒரு முழுப்பக்கக் கலர் விளம்பரம். ஈமச்சடங்குச் செலவுக்கான காப்பீடு. இந்த ஊரில் அந்த விளம்பரம் இல்லாத செய்தித்தாளே கிடையாது. ஈரத்தை ஒற்றி எடுத்து, இஸ்திரி போட்டு, திங்கட்கிழமை வகுப்புக்குக் கொண்டுபோனேன். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லோரும் பச்சைப் புல்வெளியில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பின்வரிசையில் எப்போதும் தூங்குகிற பையன் சொன்னான்: "சாவுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள், செத்துப்போவது என்ற வார்த்தையே இதில் இல்லையே, மேம்." அன்றைக்கு நான் நடத்த வைத்திருந்த பாடம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது.

அடுத்த வாரம் பெரியம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அதிலிருந்து 11 வருஷம், வெள்ளிதோறும் மேஜைக்கு அடியில் சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டு எனக்காகக் காத்திருக்கும். வெறும் கட்டு இல்லை. அவரே ஒரு கண் பார்த்துப் பிரித்து வைத்திருப்பார். "டீச்சர், இதைப் பாருங்க. அரை விலைன்னு பெருசா போட்டிருக்கான், கீழே எறும்பு மாதிரி என்னமோ எழுதியிருக்கான்" என்பார். படித்தது ஸ்டாண்டர்டு ஃபோர் வரைக்கும்தான். அந்த "எறும்பு" என் வகுப்பில் கலைச்சொல்லாகிவிட்டது. விளம்பரத்தைக் கொடுத்தால் ஜூலு பேசும் பிள்ளைகளும் முதலில் "எறும்பு எங்கே?" என்று தேடுவார்கள். விடைத்தாளில் அப்படியே எழுதிவிடாதீர்கள் என்று ஒவ்வொரு அக்டோபரிலும் கெஞ்ச வேண்டியிருந்தது.

வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் எனக்கு உதவியவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். 1903-இல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' செய்தித்தாள் ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் என்று நான்கு மொழியில் வந்தது. அதன் தமிழ்ப் பக்கம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டுப் போனேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தேடி எடுத்து, எழுத்து தெளிவாக வரும் வரைக்கும் திரும்பத் திரும்ப நகல் எடுத்துக் கொடுத்தார். அதை வகுப்பில் சத்தமாகப் படித்தேன். ஒரு செய்தித்தாள் யாருக்காக எழுதப்படுகிறது என்று விளக்கத்தான் கொண்டுபோனேன். பாடம் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு படையாச்சி வீட்டுப் பையன் நோட்டை நீட்டி, தன் பெயரை அந்த எழுத்தில் எழுதித் தரச் சொன்னான். அப்புறம் வகுப்பே வரிசையில் நின்றது, ம்கிஸே உட்பட. 'ம்' என்று தொடங்கும் பெயரை எழுதத் தமிழ் ரொம்ப வசதி என்று அன்றுதான் கண்டுகொண்டேன்.

மூர்டனில் இருக்கும் ஓய்வுபெற்ற புகைப்படக்கார மாமாவை வருஷத்துக்கு ஒரு முறை ஜூன் 16-க்கு முந்தின வாரம் கூப்பிடுவேன். இந்த நாட்டில் தொலைக்காட்சி முறையாக ஒளிபரப்பானதே 1976 ஜனவரி 5-இல்தான் என்று அவர் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அதற்கு ஐந்து மாதம் கழித்து, அந்த ஜூன் 16-இல், சொவெட்டோவில் மாணவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. அன்று சுடப்பட்டு இறந்த சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனைப் புகைப்படக்காரர் சாம் ன்ஸிமா எடுத்த படம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் படத்தின் காப்புரிமை ன்ஸிமா கைக்கு வந்தது 1998-இல் என்பது பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லும்போது மட்டும் மாமாவின் குரல் மாறும். அப்புறம் பையிலிருந்து 'எல்' வடிவத்தில் வெட்டிய இரண்டு அட்டைத் துண்டுகளை எடுப்பார். எங்கள் பள்ளி விளையாட்டு விழாப் படம் ஒன்றை மேஜையில் வைத்து, அதன்மேல் அட்டைகளை நகர்த்துவார். இப்படி வைத்தால் இரண்டு பையன்கள் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால், மூன்றாவது ஒருவன் அவர்களைப் பிடித்து விலக்குகிறான், அது சண்டை. எந்தக் கணினியும் வேண்டியிருக்கவில்லை. அந்த அட்டைகளை எனக்கே கொடுத்துவிட்டார். பத்திரமாக இருக்கின்றன, மாமா.

இனி 2021 ஜூலை. அதைப் பற்றி எழுத இன்னமும் கை கொஞ்சம் தயங்குகிறது. கலவரத்தில் நாடு முழுக்க 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் கறுப்பினத்தவர் பலர் கொல்லப்பட்டது நம் எல்லோருக்கும் தெரியும். மாதக் கடைசியில் பள்ளி திறந்தபோது கொரோனா காரணமாகப் பாதி வகுப்பு ஒரு நாள், மீதி வகுப்பு மறுநாள். எப்போதும் கலந்து உட்காரும் பிள்ளைகள் அன்றைக்குத் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. அவையும் என்னைப் பார்க்கவில்லை.

ஒரு பையன் தன் போனில் வந்த ஒரு குரல் பதிவைக் காட்டினான். ஒரு பெண் குரல், ஜூலுவில், முக்கால் நிமிடம். அதற்கு மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி: இன்று ராத்திரி நம் தெருவுக்கு வருகிறார்கள், தயாராக இருங்கள். கலவர நாட்களில் அது வகுப்பில் பல பேருக்கு வந்திருந்தது. ஜூலு தெரிந்த பிள்ளைகளிடம் அர்த்தம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற மாதிரி ஆகிவிடும். அந்த நேரம் ஒரு மாணவியின் அம்மா, நர்ஸ், ராத்திரி வேலை முடிந்து யூனிஃபாரத்தோடு ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட வந்திருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன். உள்ளே வரக் கூடாது என்பதால் தாழ்வாரத்தில் ஜன்னலோரம் நின்றபடியே போனைக் காதில் வைத்துக்கொண்டார். மூன்று தடவை கேட்டார். பிறகு வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பெண் தன் அக்காவிடம் பேசுகிறாள். நாளைக்குக் காலையில் எந்தக் கடையில் ரொட்டி வரும், எத்தனை மணிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும் என்று சொல்கிறாள். வேறொன்றும் இல்லை."

யாரும் பேசவில்லை. அந்தப் பையன்தான் கடைசியில், "இதை நான் பன்னிரண்டு பேருக்கு அனுப்பினேன், மேம்" என்றான். திட்டவில்லை. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் உண்மையை எழுதி அனுப்பச் சொன்னேன். இரண்டு பேரிடமிருந்துதான் பதில் வந்தது. அதில் ஒருவர் கேட்டது: "எந்தக் கடையில் ரொட்டி?" அதைப் படித்துக் காட்டியபோது ஒரு ஜூலுப் பெண் முதலில் சிரித்தாள், பிறகு எல்லோரும். அந்த நர்ஸம்மா ராத்திரி முழுக்கக் கண் விழித்த களைப்போடு அரை மணி நேரம் நின்றார். அவருக்கு நான் ஒரு டீகூடக் கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை யாராவது அவருக்கு ஆங்கிலத்திலோ ஜூலுவிலோ படித்துச் சொல்லுங்கள், தயவுசெய்து.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். பிள்ளைகள் சுவரில் ஒட்டிய விளம்பரங்களைக் கிழித்தெறியாமல், விடுமுறையில் சுவருக்கு வெள்ளையடித்தபோதுகூடக் கழற்றி வைத்து மறுபடி ஒட்டிய பள்ளிக் காவலர். திருத்த வேண்டிய கட்டுரைகள் மலைபோல் குவிந்த நாட்களில் எனக்காக வகுப்பெடுத்த ஆசிரியத் தோழிகள். சாப்பாட்டு மேஜையில் பாதியை விடைத்தாள்களுக்கு விட்டுக்கொடுத்து, மீதிப் பாதியில் 23 வருஷம் சாப்பிட்ட என் வீட்டுக்காரர்.

கடைசியாக, ஷால்கிராஸில் கார் பழுது பார்க்கும் தம்பி. 2023-இல் 300 நாளுக்கு மேல் மின்வெட்டு இருந்ததே, அப்போது படம் பாதியில் நின்றுபோய் வகுப்பே கூச்சல் போடும். நீ ஒரு பழைய கார் பேட்டரியும் இன்வெர்ட்டரும் கொண்டுவந்து இணைத்துக் கொடுத்துவிட்டு, "இரவல்தான் அக்கா, மறந்துடாதீங்க" என்றாய். மறந்துவிட்டேன். பேட்டரி இப்போது என் வீட்டு வராந்தாவில், துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. என்னால் தூக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ. மத்தியானச் சாப்பாடு இங்கேதான்.

அன்புடன்,
உங்கள் ஆங்கில டீச்சர்
சாட்ஸ்வொர்த், டர்பன்