தொப்பியில என்ன எழுதியிருந்துச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன் பாப்பா

பாப்பா, நல்லா இருக்கியா? ஆபீஸ் போற அவசரத்துல இதை படிக்காத, லீவு நாள்ல படி. போன தடவை ஜகார்த்தா வந்தப்ப உன் வீட்டு கீழ சிகப்பு டவுசர் போட்ட ஒரு பொடிப்பையன் ஸ்கூலுக்கு போனான்ல, அவன் தொப்பில என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன், தெரியலப்பான்னுட்ட. துத் வுரி ஹந்தயானி. ஜாவா பாஷை, பின்னால நின்னு தெம்பு குடுக்கிறதுன்னு அர்த்தமாம். வாத்தியார் வேலை பாத்தவன் சும்மா இருப்பேனா, தோண்டிட்டேன்.

சொன்னவர் கி ஹஜர் தேவந்தாரா, ஜாவாக்காரர். இந்தோனேசியாவை அப்ப ஆண்டது டச்சுக்காரங்க. 1913ல அவங்க, பிரெஞ்சுக்காரன் கிட்டருந்து எங்களுக்கு விடுதலை கிடைச்சு நூறு வருஷம் ஆச்சுன்னு விழா எடுத்தாங்க, அதுக்கு வசூல் யார்கிட்ட, அவங்க அடிமையா வச்சிருந்த ஜனங்ககிட்டயே! நான் டச்சுக்காரனா இருந்தா இதை பண்ணமாட்டேன்னு இவர் பேப்பர்ல எழுதிட்டார். வயசு 24. நாடு கடத்திட்டாங்க, எங்கன்னு பாரு, ஹாலந்துக்கே. அங்க உக்காந்து வாத்தியார் சர்டிபிகேட் வாங்கிட்டு 1919ல திரும்புனார்.

அப்ப அவர் நாட்டுல படிப்பு எப்படின்னா, 1907லருந்து கிராமத்து ஸ்கூல் வந்துச்சு, மூணே வருஷம், எழுத படிக்க கொஞ்சம் கணக்கு, அவ்ளோதான். டச்சு சொல்லித்தர மாட்டாங்க, டச்சு இல்லாம பெரிய படிப்புக்கு வழியே இல்ல. டச்சுல நடக்கிற ஸ்கூலுக்கு போகணும்னா அப்பன் நல்ல உத்தியோகத்துலயோ வசதியாவோ இருக்கணும். 1930 சென்சஸ்ல நூத்துக்கு பத்து பேருக்கு கூட எழுத்து தெரியாது, முன்னூறு வருஷமா அங்க வியாபாரம் பண்ணவங்க லட்சணம் இது.

தேவந்தாரா 1922ல ஜாவாவுல இருக்கிற யோக்யகர்த்தால தாமான் சிஸ்வான்னு சொந்தமா ஸ்கூல் தொடங்கினார், சர்க்கார் மானியம் வேணாம்னுட்டார். இந்த மாதிரி ஸ்கூலுக்கு டச்சுக்காரன் வச்ச பேரு காட்டுப் பள்ளிக்கூடம். 1932ல பர்மிஷன் இல்லாம நடத்தக்கூடாதுன்னு சட்டமே போட்டான், இவர் கவர்னர் ஜெனரலுக்கு தந்தி அடிச்சு எதிர்த்தார், நாடு முழுக்க கூட நின்னுச்சு, அடுத்த வருஷமே சட்டத்தை நிறுத்தி வச்சாங்க.

அந்த தொப்பி வார்த்தைக்கு முன்னாடி இன்னும் ரெண்டு வரி இருக்கு, முன்னால நின்னா முன்மாதிரியா இரு, நடுவுல நின்னா ஊக்கம் கிளப்புன்னு. நான் 34 வருஷமும் முன்னால பிரம்போட நின்னவன், உனக்கே தெரியும். நீ ஜகார்த்தா போறேன்னப்ப மூணு மாசம் பேசாம இருந்தேனே, அது எந்த வரியிலயும் வராது.

ஒரு வேலை பண்ணு. உங்க ஜகார்த்தாவுல சேனென் பக்கம் தேவந்தாரா கொஞ்ச நாள் படிச்ச ஸ்தோவியா டாக்டர் ஸ்கூல் கட்டிடம் இப்ப மியூசியமா இருக்கு. கிறிஸ்தவப் பசங்க கோட்டு பேன்ட் போடலாம், மத்த ஜாவா பசங்க பாத்திக் துணி சுத்தி தலைப்பா கட்டித்தான் வரணும்னு ரூல் வச்சிருந்த இடம், அந்த பசங்கதான் 1908ல அங்கயே ஜாவா ஜனங்க முன்னேற புடி உத்தோமோங்கிற சங்கத்தை ஆரம்பிச்சாங்க. போய் நிறைய போட்டோ எடுத்து அனுப்பு, செல்ஃபி வேணாம், சுவரு ஜன்னல் எல்லாம் தெரியணும். அம்மா பருப்புப்பொடி பார்சல் போட்டிருக்கா, வந்ததும் சொல்லு.

அப்பா