ஹை ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ஒரு இருட்டறை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அத்தையும் இங்கே நலம். உனக்கு வேலை போய்விட்ட சேதி உன் அத்தை மகன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நடந்து ஒரு மாதம் ஆகிறதாமே. இதற்குள் நாலு ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேசியிருக்கிறாய். நாலு தடவையும் "நெட் சரியில்லப்பா" என்று கேமராவை அணைத்துவிட்டாய். முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்தது. கோபம் இறங்கிவிட்டது.

அம்மா போன பிறகு ஒன்பது வயதில் உன்னை அத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டேன். எனக்குத் துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட். பள்ளிக்கூடத்தில் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நீ மாடியேறித் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாய். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அத்தை தெருவெல்லாம் தேடுவாள். நான் வந்து சத்தம் போடுவேன். "ஏன் ஒளியிறே?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! பக்கத்தில் உட்கார்ந்து "எதுக்கும்மா பயப்படுறே?" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நீ நியூயார்க்கில், புரூக்ளின் பக்கம் வீடு பிடித்த புதிதில், 'ஏ' என்ற பாதாள ரயிலில் வரும் ஸ்டேஷன்களை எனக்கு வரிசையாகச் சொல்லிக் காட்டினாய். "ஹை ஸ்ட்ரீட்" என்றதும் நான் "அடடா" என்றேன். என்னப்பா என்று கேட்டாய். அதற்குள் குக்கர் விசில் அடித்து நீ எழுந்து போய்விட்டாய். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

நான் இளவட்டத்தில் கிளவுஸ் போட்டவன் என்பது உனக்குத் தெரியும். 1980இல் முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிக்காகக் குத்துச்சண்டை போட்டபோது, அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். ஊரே அலி அலி என்று கத்தியது. எங்கள் வாத்தியார் மட்டும், "இந்த ரெண்டு பேரோடயும் மோதினவன் ஒருத்தன் இருக்கான்டா, ஃபிளாய்ட் பேட்டர்சன். அவனைப் பத்தித் தேடிப் படி" என்றார். நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பேட்டர்சன் 1935இல் வட கரோலினாவில் பிறந்தவர். வளர்ந்தது உன் புரூக்ளினில், பெட்ஃபர்ட்-ஸ்டைவசன்டில். வீட்டில் பதினொரு பிள்ளைகள். அப்பா கட்டட வேலை, மீன் சந்தை, குப்பை அள்ளுகிற வேலை என்று மாறிமாறி உழைத்தவர். ராத்திரி வந்தால் சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் தூங்கிப்போவாராம். அவருடைய ஷூவைக் கழற்றிக் காலைத் துடைத்துவிடுவது ஃபிளாய்டின் வேலை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஷிப்ட் முடிந்து அத்தை வீட்டுத் திண்ணையில் நான் சாய்ந்து கிடக்கும்போது, ஒரு சொம்பு தண்ணீரை என் தலைமாட்டில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவாயே, அது நினைவுக்கு வந்தது.

அந்தப் பையனுக்குப் படிக்க வராது. போட்டுக்கொள்ள நல்ல துணி இல்லை. யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டான். வீட்டுச் சுவரில் அண்ணன்களோடு எடுத்த அவன் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதில் தன் முகத்தின் மேல் மட்டும் அவன் பெருக்கல் குறி கீறி வைத்திருந்தான். பள்ளிக்கூடம் போகாமல் பாதாள ரயிலில் சுற்றுவான். ஹை ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் தண்டவாளத்தை ஒட்டி, வேலையாட்கள் சாமான் போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. அதற்குள் போய் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டில் காகிதத்தை விரித்துத் தூங்குவானாம். நீ போகிற வழியில்தானம்மா அது இருந்தது.

திருட்டும் ஊர்சுற்றலுமாகப் பலமுறை பிடிபட்டபின், பத்து வயதில் அவனை எசோபஸ் என்ற ஊரில் இருந்த வில்ட்விக் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஜெயில் என்று பயந்துகொண்டே போனான். போய்ப் பார்த்தால் வேலியே இல்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் சேர்ந்திருந்தார்கள். விவியன் காஸ்டன் என்று ஒரு டீச்சர். விடை தெரிந்தாலும் வாய் திறக்காத அந்தப் பையனை அவர் விரட்டவில்லை. காத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச வைத்தார். முதன்முதலில் அவன் கிளவுஸ் போட்டதும் அங்கேதான். அந்த டீச்சரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனசுக்குள் ஒரு முள் குத்தும். காத்திருப்பதுதான் எனக்கு வராமல் போயிற்று.

அப்புறம் மன்ஹாட்டன் 14ஆம் தெருவில் கிராமர்சி ஜிம். அங்கே கஸ் டமாட்டோ என்ற வாத்தியார். ரெண்டு கிளவுஸையும் கன்னத்தோடு ஒட்டி வைத்து, அதன் இடுக்கு வழியாக எதிராளியைப் பார்க்கும் நிலையை அவர் பழக்கினார். ஒளிந்தே வளர்ந்த பையனுக்கு, முகத்தை மறைத்துக்கொண்டே முன்னேற ஒரு வழி கிடைத்தது என்றுதான் நான் நினைப்பேன். பயம் நெருப்பு மாதிரி, கட்டுக்குள் வைத்தால் உதவும், விட்டால் எரித்துவிடும் என்பது அந்த வாத்தியாரின் பாடம். அதற்குப் பின் நடந்ததெல்லாம் வேகம். 1952இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் தங்கம், வயது 17. 1956 நவம்பர் 30, சிகாகோவில் ஆர்ச்சி மூரை ஐந்தாம் ரவுண்டில் சாய்த்து, 21 வயதில் ஹெவிவெயிட், அதாவது அதிக எடைப் பிரிவில், உலகச் சாம்பியன். அவ்வளவு சின்ன வயதில் அந்தப் பட்டத்தை அதுவரை யாரும் எடுத்ததில்லை.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த பாகம். 1959 ஜூன் 26, யாங்கி ஸ்டேடியம். ஸ்வீடன்காரர் இங்கமார் யோஹான்சன் மூன்றாவது ரவுண்டில் அவரை ஏழு தடவை கீழே தள்ளினார். ஏழாவது தடவையோடு நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். பேட்டர்சன் வீட்டுக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். வாரக்கணக்கில் யாரையும் பார்க்கவில்லை. மறுபடியும் அந்த இரும்புக் கதவுதான், பார்த்தாயா? உலகச் சாம்பியன் ஆன பிறகும் அது அவரை விடவில்லை.

அந்த நேரத்தில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஆர்ச்சி மூர். மூணு வருஷத்துக்கு முன் இவரிடம் அடி வாங்கித் தோற்றவர்! உன் மனநிலை எனக்குத் தெரியும், நீ திரும்பவும் பட்டத்தை எடுக்க முடியும் என்று தைரியம் சொல்லி, எங்கே தப்பு செய்தாய், எப்படித் திருத்தலாம் என்றும் எழுதியிருந்தார். குத்துச்சண்டையில் எத்தனையோ நாக்கவுட் பற்றிப் படித்திருக்கிறேன். எனக்கு எல்லாவற்றையும்விட உசத்தி இந்தக் கடிதம்தான். அதை நினைத்துத்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

1960 ஜூன் 20, போலோ கிரவுண்ட்ஸ் மைதானம், மறுபடியும் யோஹான்சனோடு. ஐந்தாம் ரவுண்டில் எகிறிப் பாய்ந்து போட்ட இடது கைக் குத்தில் யோஹான்சன் மல்லாந்து விழுந்தார். விழுந்தவரின் கால் துடித்துக்கொண்டிருந்தது. ஹெவிவெயிட் பட்டத்தை இழந்து மறுபடி வென்ற முதல் ஆள் பேட்டர்சன். ஆனால் அவர் கொண்டாடி முடிக்கவில்லை. மண்டியிட்டு எதிராளியின் தலையைத் தாங்கிக்கொண்டார். பின்னாளில் ரெண்டு பேரும் நண்பர்களாகி, வயசான காலத்தில் சேர்ந்து மாரத்தான் ஓடினார்கள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். 1962இல் சன்னி லிஸ்டனிடம் முதல் ரவுண்டிலேயே விழுந்தார். சண்டைக்கு முன்பே பையில் ஒட்டுத்தாடி வாங்கி வைத்திருந்தாராம், தோற்றால் யார் கண்ணிலும் படாமல் போக. அதைப் போட்டுக்கொண்டுதான் சிகாகோவை விட்டுக் கிளம்பினார். ஊர் கேலி பேசியது. எனக்கு நெஞ்சு கனத்தது. அப்படிப்பட்டவர் அதற்குப் பிறகும் பத்து வருஷம் சண்டை போட்டார். கடைசிச் சண்டை 1972இல், அலியோடு. மொத்தம் 64 சண்டையில் 55 வெற்றி.

சண்டை போடுவதை விட்ட பின் நியூ பால்ட்ஸ் என்ற சிற்றூரில் ஜிம் வைத்துப் பிள்ளைகளைப் பழக்கினார். அங்கே பதினொரு வயதில் வந்த டிரேசி என்ற பையனைத் தத்தெடுத்தார். 1992இல் அவனும் உலகச் சாம்பியன் ஆனான். பேட்டர்சன் 2006இல் அந்த ஊரிலேயே காலமானார். உன் இடத்திலிருந்து ஹட்சன் ஆற்றை ஒட்டி வடக்கே போனால் வரும். மனசு கேட்டால் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வா.

கண்ணம்மா, நீ ஒளிந்துகொண்டதில் எனக்கு வருத்தமில்லை. அடிபட்டவர் ஒளியத்தான் செய்வார்கள். அப்பாவுக்கும் சேர்த்து நீ தாழ்ப்பாள் போட்டாயே, அதற்குக் காரணம் நான்தான் என்று தெரியும். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

வாடகைக்கு யோசிக்காதே. என் பிஎஃப் பணத்தில் பெரும்பகுதி பேங்கில் அப்படியே இருக்கிறது. விசா விஷயத்தில் எத்தனை நாள் கெடு என்று மட்டும் எழுது. ஊருக்குத் திரும்பி வருவதானாலும் வா, உன் அறையை அத்தை கூட்டிப் பெருக்கித்தான் வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், உனக்குக் காலை நேரம். கேமரா போட வேண்டாம். பேசப் பிடிக்கவில்லை என்றால் போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். நான் இந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா