இயற்பியலுக்கு எந்தப் புத்தகம்?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு இயற்பியலை அடியிலிருந்து படிக்கப் போகிறாய் என்றதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள், எதையும் கீழே வைக்க முடிவதில்லை. சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

அமெரிக்க இயற்பியலாளர் ஃபெய்ன்மனின் விரிவுரைத் தொகுதிகளில் ஆரம்பிக்கலாமா என்கிறாய். வேண்டாம். 1961 முதல் 1963 வரை கால்டெக் என்ற கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அவர் நடத்திய வகுப்புகள் அவை. அற்புதமானவை, வாசிக்கும்போதே எல்லாம் பிடிபட்டுவிட்டதாகத் தோன்றும். ஆனால் பயிற்சிக் கணக்குகள் அந்தத் தொகுதிகளில் இல்லை, தனிப் புத்தகமாகத்தான் வந்தன. தனியாகப் படிக்கிறவனுக்குக் கணக்கு போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வாத்தியார் ஏது? முதல் புத்தகத்தில் ஓரளவு கடினமான கணக்குகளும், பின்னால் சிலவற்றுக்காவது விடைகளும் இருக்க வேண்டும். ஃபெய்ன்மனைப் பக்கத்தில் வைத்துக்கொள். இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் நியூட்டனின் மூன்றாம் விதி வரும் பக்கத்தைப் புரட்டிப் பார். மேசைமேல் ஒரு பொருள். பூமி அதைக் கீழே இழுக்கிறது, மேசை மேலே தள்ளுகிறது. இரண்டும் சமம், எதிரெதிர்த் திசை. ஆகவே இவைதான் விசையும் எதிர்விசையும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, இரண்டுமே ஒரே பொருள்மேல் செயல்படுபவை. விசையும் எதிர்விசையும் எப்போதும் வெவ்வேறு பொருள்கள்மேல்தான் செயல்படும். பூமி பொருளை இழுப்பதற்கு எதிர்விசை, பொருள் பூமியை இழுப்பதுதான். அதே மேசை மேல்நோக்கி வேகமெடுக்கும் லிஃப்டுக்குள் இருந்தால், மேசை தள்ளுவது பூமி இழுப்பதைவிட அதிகமாகிவிடும். பூமியும் பொருளும் ஒன்றையொன்று இழுப்பது மட்டும் அப்போதும் சமம்தான். இந்த இடத்தில் நின்று, படம் போட்டு, நிதானமாகச் சொல்லும் புத்தகத்தை நம்பி வாங்கலாம். விதியை ஒரு வரியில் சொல்லிவிட்டு ஓடும் புத்தகம் மற்ற இடங்களிலும் அப்படித்தான் ஓடும்.

நுண்கணிதம் எவ்வளவு நினைவிருக்கிறது? வகையிடல் ஓரளவு வருமென்றால், இலவசப் பாடநூல்கள் வெளியிடும் ஓபன்ஸ்டாக்ஸின் யுனிவர்சிட்டி ஃபிசிக்ஸை எடு. மூன்று தொகுதிகள், இலவசம். முதல் தொகுதியில் இயக்கவியலும் அலைகளும். சுத்தமாக மறந்துவிட்டதென்றால், இயற்கணிதத்தை மட்டும் வைத்தே நகரும் அவர்களுடைய காலேஜ் ஃபிசிக்ஸ். ஆனால் கூடவே நுண்கணிதத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பித்துக்கொள். திசைவேகமும் முடுக்கமும் அதில்தான் உண்மையாகத் துலங்கும். அச்சில்தான் வேண்டுமா? ஹாலிடே, ரெஸ்னிக் இருவரும் எழுதிய பாடநூலின் பழைய பதிப்பு தாராளமாகப் போதும். இயக்கவியல் மாறிவிடவில்லை. கிலோகிராமின் வரையறையாக ஒரு பிளாட்டினம் இரிடியம் உருளையைச் சொல்லியிருப்பார்கள். 2019 முதல் கிலோகிராம், இயற்கையில் மாறாத ஓர் அளவான பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம், ஐந்தாறு புத்தகங்களை ஒரே சமயத்தில் வாங்கிக் குவிக்காதே. ஒன்றைப் பிடி, கணக்குகளைப் போடு. எங்கே நின்றுபோகிறாய் என்று அத்தியாயத்தோடு எழுது. நானும் அதே கணக்கைப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்