சப்பாத்தோடு அளந்தால் பருமன் மறைந்துவிடும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளில் சிறுவர் உடற்பருமன் பற்றி ஆய்வு செய்யும் எல்லோருக்கும்,

வணக்கம். நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறேன். கடந்த சில வருடங்களில் மூன்று குழுக்கள் எங்கள் பிள்ளைகளை அளக்க வந்து போயின. வந்தவர்கள் எல்லோரும் தன்மையான பிள்ளைகள். கோபத்தில் எழுதும் கடிதம் இல்லை இது. கொஞ்சம் ஆதங்கம் இருக்கிறது, அவ்வளவுதான். மூன்று குழுவும் மூன்று விதமாக அளந்தன; இனி எல்லோரும் ஒரே விதமாக அளக்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலாவது குழு, வீட்டில் வைத்திருக்கும் சின்னத் தராசு ஒன்றை வராந்தாவில் வைத்து, பிள்ளைகளைச் சப்பாத்தோடு ஏற்றி இறக்கியது. உயரத்துக்குச் சுவரில் ஒட்டிய தையல் நாடா. இரண்டாவது குழு முறையான உயரமானி கொண்டுவந்தது. சப்பாத்து, சொக்ஸ் எல்லாம் கழற்ற வைத்து இரண்டு தரம் அளந்தார்கள். மூன்றாவது குழு அளக்கவே இல்லை. படிவத்தில் 'உமது நிறை என்ன?' என்று ஒரு கேள்வி. தரம் 5 படிக்கிற பெடியனுக்கு அது எப்படித் தெரியும்? பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து எழுதினான்.

சப்பாத்து என்ன பெரிய விஷயமா என்பீர்கள். 10 வயதுப் பையன் ஒருவன், உயரம் 140 செ.மீ., நிறை 37 கிலோ. உடற்திணிவுச் சுட்டி, அதாவது கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் பிரித்தால் வருவது, 18.9. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணைப்படி அந்த வயது ஆண்பிள்ளைக்கு 18.5ஐத் தாண்டினால் அதிநிறை. ஆகவே இவன் அதிநிறை. அவனையே 3 செ.மீ. அடி உள்ள சப்பாத்தோடு நிறுத்துங்கள்: 143 செ.மீ. சப்பாத்தின் பாரம் என்று அரைக் கிலோவைச் சேர்த்தாலும் சுட்டி 18.3. பையன் ஒரு கிராம்கூட மெலியவில்லை, ஆனால் அறிக்கையில் சாதாரண நிறையாகிவிட்டான்.

சரி, சப்பாத்தைக் கழற்றியே அளந்தோம் என்று வைப்போம். அப்போதும் இன்னொரு குழு சர்வதேச உடற்பருமன் செயலணியின் எல்லைக்கோட்டை எடுத்தால், 10 வயதுப் பையனுக்கு அதிநிறை தொடங்குவது ஏறக்குறைய 19.8இல். அங்கே நம்ம ஆள் சாதாரண நிறை. இரண்டு குழுவும் பிழைவிடவில்லை. ஆனால் இரண்டு அறிக்கையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரி, இடையில் பருமன் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். முன்பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கிலேயே 5 வயது வரை அதிநிறை என்பது அட்டவணையின் நடு அளவிலிருந்து +2 நியம விலகலுக்கு மேல், அதற்குப் பிறகு +1க்கு மேல். பிறந்தநாள் கேக் வெட்டியதும் பிள்ளை அதிநிறைப் பக்கத்துக்கு மாறிவிடலாம். நாலு வயதையும் ஆறு வயதையும் ஒரே அட்டவணையில் கலந்து 'இத்தனை வீதம்' என்று எழுதும்போது இதை ஒரு வரியிலாவது சொல்லுங்கள்.

சாப்பாட்டுக் கேள்விகளும் அப்படித்தான். ஒரு படிவத்தில் பீட்சா இருந்தது, பர்கர் இருந்தது. ரோல்ஸ் இல்லை, கிரீம் பன் இல்லை, கொத்து இல்லை. எங்கள் பிள்ளைகளில் பீட்சாவைக் கண்ணால் கண்டவர்களே குறைவு. ஆகவே 'துரித உணவு மிகக் குறைவு' என்று முடிவு வந்திருக்கும்.

அளவு எடுக்கும் மாதமும் முக்கியம். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடக்கும் நாட்களில் ஓடித் திரிகிற பிள்ளை, வடகீழ்ப் பருவ மழையில் வீட்டுக்குள்ளேயே கிடக்கும். காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் நோன்பு மாதத்தில் சாப்பிடும் நேரமே மாறிவிடும். புலமைப்பரிசில் பரீட்சை கிட்டினால் தரம் 5க்கு டியூசனைத் தவிர வேறு உலகம் இல்லை. பருமனைக் குறைக்க நீங்கள் நடத்தும் திட்டத்துக்கு முன் ஒரு காலத்திலும் பின் இன்னொரு காலத்திலும் அளந்தால், வித்தியாசம் திட்டத்தாலா மழையாலா என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

சராசரியை மட்டும் தந்துவிட்டும் போகாதீர்கள். ஒரே வகுப்பில் கொழுத்த பிள்ளையும் இருக்கிறது, காலைச் சாப்பாடு இல்லாமல் வரும் பிள்ளையும் இருக்கிறது. வகுப்பின் சராசரிச் சுட்டி இறங்கியது என்றால், மெலிந்தது இன்னும் மெலிந்ததாலும் இருக்கலாம். இரண்டு முனையையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். எங்களைப் போன்ற ஊருக்கு மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பெரிது என்று நினைக்கிறேன்.

ஆளுக்கொரு விதமாக அளப்பது நமக்கு மட்டும் வந்த தலையிடி இல்லை. மூட்டுவாத மருத்துவர்கள் 1992இலேயே, ஆய்வுகளில் எதை அளப்பது என்று கூடிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். 5 வயது வரையான பிள்ளைகளின் பருமன் தடுப்பு ஆய்வுகளுக்கு எதைக் கட்டாயம் அளக்கவேண்டும் என்ற பொதுப் பட்டியல் ஒன்று 2022இல் வெளிவந்தது. அதில் உடலளவோடு உணவு, உடலசைவு, நித்திரை எல்லாம் உண்டு. ஆய்வாளர்களோடு பெற்றோரையும் கேட்டுத்தான் செய்தார்கள். 'எதை' என்பதை அங்கிருந்து எடுக்கலாம். 'எப்படி' என்பதை இங்கே உட்கார்ந்துதான் முடிவெடுக்க வேண்டும், ரோல்ஸையும் கிரீம் பன்னையும் எழுதி. எல்லைக்கோடு எது என்று என்னைக் கேட்டால், உலக சுகாதார நிறுவனத்தினுடையதே போதும். பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் இருக்கும் வரைபும் அவர்களுடையதுதான், தாய்மாருக்குப் பழகியது. வேறு கோட்டையும் பார்க்க ஆசையென்றால் பக்கத்தில் இரண்டாவதாகப் போடுங்கள். பிறந்த திகதி, நிறை, உயரம் மூன்றையும் பத்திரமாக வைத்திருந்தால் பிறகு எந்தக் கோட்டுக்கும் மாற்றலாம்.

இன்னொன்றையும் அளக்க வேண்டும். ஒரு முறை நிறையைச் சத்தமாக வாசித்தார்கள், இன்னொருவர் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு பிள்ளைக்குப் 'பூசணிக்காய்' என்று பெயர். அடுத்த தரம் அளக்கும் நாளன்று அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை. உங்கள் பதிவில் அது வெறும் 'சமுகமளிக்கவில்லை'. திட்டம் செய்த கெடுதலும் ஒரு விளைவுதான், அதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். நிறையைத் திரைக்குப் பின்னால் எடுங்கள்.

அடுத்த வருடம் முதலாம் தவணை தொடங்கும் முன் எல்லோரும் ஒரு நாள் கூடினால் நல்லது. இடம் இல்லையென்றால் எங்கள் மண்டபம் இருக்கிறது, அதிபரிடம் நான் பேசுகிறேன். வராந்தாத் தரை சரிவு. மண்டபத்தின் வடக்கு மூலையில்தான் தளம் மட்டமாக இருக்கிறது. நீர்மட்டம் வைத்துப் பார்த்துச் சுவரில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன். உயரமானியை அங்கே வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பி.டி. சேர்