பழைய ஹைலக்ஸுக்கு ஒயிலும் பில்டரும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும், நீ ஒருவாறு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்றை வாங்கிவிட்டதையும் அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கே எல்லோரும் நலம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றத்தில், சாகாமம் வயலுக்கு உரமும் நெல்லும் ஏற்ற ஒரு கெப் வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் அறிவேன். வாங்கியதோடு கையிருப்பு தீர்ந்துவிட்டது, ஒயிலிலும் பில்டரிலும் எங்கே சிக்கனம் பிடிக்கலாம் என்று கேட்டிருந்தாய். ஒயிலில் தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம். பில்டரில் பிடிக்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம்.

உன் வாகனத்தில் இருப்பது 5எல் எஞ்சின் என்று எழுதியிருந்தாய். 2,986 சீசீ கொள்ளளவுள்ள, டர்போ இல்லாத, பழைய முறைப் பம்பினால் டீசல் பாய்ச்சும் எஞ்சின் அது. மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் பாய்ச்சும் புதிய கொமன் ரெயில் எஞ்சின்களுக்கு வேண்டிய விலை உயர்ந்த சிந்தெற்றிக் ஒயிலை அது கேட்பதில்லை. 15டபிள்யூ-40 என்ற சாதாரண மினரல் ஒயிலே போதும். அந்த 15டபிள்யூ என்பது கடுங்குளிரில் ஒயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைக் குறிப்பது. அதற்கான பரிசோதனையைச் செய்வதே பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸில்தான். மார்கழி விடியலில்கூட நம் கரையோரத்தில் அப்படியொரு குளிர் கிடையாது. ஆகவே 5டபிள்யூ ஒயிலுக்குக் கூடுதல் பணம் கொடுத்தால், நமக்கு ஒருநாளும் வராத குளிருக்காகவே அதைக் கொடுக்கிறோம். நமக்கு முக்கியமானது பின்னால் உள்ள 40. எஞ்சின் கொதித்து ஓடும்போது ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைச் சொல்வது அதுதான்.

கலனில் இன்னொரு குறியும் இருக்கும். கடைக்காரர் அதைப் பற்றிப் பெரும்பாலும் பேசமாட்டார். ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) என்ற எழுத்துகளின் அருகே சி என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு உரியது, எஸ் என்று தொடங்கினால் பெற்றோலுக்கு உரியது. டீசல் தரங்களில் சி.எச்-4 1998இலும் சி.ஐ-4 2002இலும் வந்தவை. உன் எஞ்சினுக்கு இந்த இரண்டில் எதுவும் தாராளம். வெறும் சி.எஃப் என்று மட்டும் போட்டு மலிவாக விற்கப்படும் ஒயிலை வாங்காதே, அது காலாவதியான தரம். கல்டெக்ஸ் டெலோ, திருகோணமலையில் கலக்கப்படும் சேர்வோ போன்ற பெயர்களுக்குள் எது அன்றைக்கு விலை குறைவோ அதை எடு. தரக்குறி ஒன்றாக இருக்கும்வரை, பெயருக்காகக் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் எங்கே வாங்குகிறாய் என்பதில் கவனமாக இரு. பரலில் இருந்து அளந்து ஊற்றும் ஒயிலில் என்ன இருக்கிறது என்பதை நீயும் நானும் அறிய வழியில்லை. பழைய கலன்களைச் சேகரித்து, கழிவு ஒயிலை வடித்து நிரப்பி, புதிதுபோல விற்பவர்களும் இருக்கிறார்கள். மூடியின் அடி வளையம் முறியாமல் இருக்கிறதா, தொகுதி இலக்கம் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, பற்றுச்சீட்டும் கேட்டு வாங்கு. கல்முனையில் நெடுங்காலமாக வியாபாரம் செய்யும் உதிரிப்பாகக் கடையொன்றைப் பழக்கப்படுத்திக்கொள்வது நல்லது. வெறுமையான கலனில் கத்தியால் ஒரு துளை போட்ட பிறகே வெளியே கொடு.

இனிப் பில்டர். எனக்குத் தெரிந்த கராஜில் மெக்கானிக் ஒருவர், மிக மலிவான ஒயில் பில்டரையும் நல்ல பில்டரையும் அரத்தால் அறுத்து மேசையில் வைத்துக் காட்டினார். வெளியே இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். உள்ளே மலிவானதில் கடுதாசி மடிப்புகள் அரைவாசிதான் இருந்தன; மடிப்புகள் சேரும் இடத்தில் பசை விட்டுப்போய் விரல் நுழையுமளவு இடைவெளி. அந்த வழியாக ஒயில் வடிபடாமலே போய்வந்திருக்கிறது. அதைவிட மோசமானது அடியில் இருந்த இறப்பர் வால்வு. எஞ்சினை நிறுத்தியதும் பில்டருக்குள் உள்ள ஒயில் திரும்பி வடிந்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. அது பிளாஸ்டிக்கைப் போல் இறுகியிருந்தது. அப்படியான பில்டர் போட்ட வாகனத்தைக் காலையில் ஸ்டார்ட் செய்தால், ஒயில் விளக்கு அணையச் சற்று நேரம் எடுக்கும், அதுவரை பேரிங்குகள் ஒயில் இல்லாமல் உலர்ந்தே உராயும். டொயோட்டாவின் சொந்தப் பில்டரை வாங்க முடியாவிட்டால், ஜப்பானின் விக் அல்லது இந்தோனேசியாவின் சகுரா போன்றவற்றை வாங்கு, விலை தாங்கக்கூடியதே. ஒவ்வொரு முறை ஒயில் மாற்றும்போதும் பில்டரையும் மாற்று. பழைய பில்டரின் இறப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, புதிய வளையத்தில் சிறிது ஒயில் பூசிக் கையாலேயே இறுக்கச் சொல்.

உன் வயல் பாதையை நினைத்தால் எயார் பில்டரைப் பற்றி எனக்கு இன்னும் கூடக் கவலை. பெரும்போக அறுவடையில் வெட்டு இயந்திரங்களும் உழவு இயந்திரங்களும் கிளப்பும் புழுதி முழுவதையும் அந்த எஞ்சின்தான் உறிஞ்சும். பிஸ்டன் ரிங்குகளையும் சிலிண்டரையும் தேய்ப்பதில் மணலைப் போன்ற எதிரி வேறில்லை. எவ்வளவு நல்ல ஒயில் ஊற்றினாலும் அதைத் தடுக்க முடியாது. அறுவடைக் காலத்தில் அடிக்கடி கழற்றிப் பார். காற்று அடிப்பதானால் உள்ளிருந்து வெளியே, மெதுவாக அடி. கடுதாசிப் பில்டரை ஒருபோதும் தண்ணீரில் கழுவாதே. டீசல் பில்டரின் அடியில் சேரும் தண்ணீரையும் இடைக்கிடை திறந்து விடு. பரலில் வைத்த டீசலை ஊற்றினால் இது கட்டாயம்.

புதிய ஒயில் சில நாட்களிலேயே கறுத்துவிட்டது என்று பயந்து எழுதியிருந்தாய். டீசல் எஞ்சினில் அது இயல்பு. கரியைப் படியவிடாமல் ஒயில் தன்னுள் ஏந்திக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். ஒயில் பால்தேத்தண்ணி நிறமாக மாறினால்தான் றேடியேட்டர் தண்ணீர் கலக்கிறது என்று பயப்பட வேண்டும். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்று. பாரம் ஏற்றி மணல் பாதையிலேயே ஓடினால் அதற்கும் முன்னதாக மாற்று. சிந்தெற்றிக்குக்குக் கொடுக்கவிருந்த பணத்தை இப்படி அடிக்கடி மாற்றுவதில் செலவழித்தால், அந்தப் பழைய எஞ்சினுக்கு அதுவே பெரிய உபகாரம்.

ஒயில் குறைகிறது, இன்னும் தடிப்பான 20டபிள்யூ-50 ஊற்று என்று யாரோ சொன்னதை உடனே கேட்டுவிடாதே. முதலில் சமதரையில் நிறுத்தி, காலையில் எஞ்சினைத் தொடும் முன் ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்து, அளவையும் ஓட்டமானியையும் ஒரு கொப்பியில் எழுதி வை. 1,000 கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடி அளந்து, எவ்வளவு இறங்கியது, புகை நீலமாக வருகிறதா என்பதை எனக்கு எழுது. அதைப் பார்த்து என் மெக்கானிக்கிடம் கேட்டுப் பதில் அனுப்புகிறேன். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்.