ஈன்ற இடத்திலேயே இருக்க விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செம்மறியாடுகளைத் திறந்த மேய்ச்சல் நிலத்திலேயே ஈனவிடும் பலர், குட்டி விழுந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு தாயையும் ஓட்டிவந்து மந்தையோடு சேர்த்துவிடுவதே நல்ல கவனிப்பு என்று கருதுகிறார்கள். அக்கறையால் நேரும் இந்த அவசரம் எத்தனையோ குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஈனும் வேளை நெருங்கிய ஆடு மந்தையிலிருந்து ஒதுங்கி ஓரிடத்தைத் தேர்ந்துகொள்கிறது. பனிக்குடத்து நீர் சிந்திய அந்த மண்ணை விட்டு எளிதில் நகர்வதில்லை. அங்கே நின்று குட்டியை நக்கும் முதல் சில மணி நேரத்தில்தான் அதன் மணம் தாய்க்குப் பழகுகிறது. இரட்டைக் குட்டி போட்ட ஆட்டை அந்த நேரத்தில் மனிதரோ நாயோ கலைத்துவிட்டால், அது தன்னோடு எழுந்து நடக்கும் குட்டியை மட்டும் கூட்டிச் சென்றுவிடும்; பின்தங்கிய குட்டியைப் பிறகு சேர்த்துவைத்தாலும் முட்டித் தள்ளக்கூடும். நெரிசலான மந்தையில், இன்னும் ஈனாத ஆடு பிறர் குட்டியைத் தன்னுடையதாக்கிக்கொள்வதும் உண்டு. எனவே, ஈன்ற ஆடுகளைக் குறைந்தது ஆறு மணி நேரமாவது அதே இடத்தில் விட்டுவிட்டு, ஈனாத ஆடுகளை மட்டும் மெதுவாக அடுத்த நிலத்துக்கு நகர்த்துவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

இதற்காக மேய்ப்பவர் கவனிக்காமல் இருக்கலாம் என்று பொருளல்ல. தொலைவில் நின்று, குட்டி எழுந்து காம்பைப் பிடித்ததா, அதன் வயிறு நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் சீம்பாலின் வழியாகவே குட்டிக்குக் கிடைக்கிறது. அந்த ஆற்றலைச் சீம்பாலிலிருந்து உடலுக்குள் ஈர்த்துக்கொள்ளும் குடலின் திறன், பிறந்ததிலிருந்து மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. ஆகவே முதல் இரண்டு மணி நேரத்திற்குள் குடித்துவிடுவது நல்லது. குட்டியின் உடல் வெப்பம் 39 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். 37க்குக் கீழே போய்விட்டால் ஆபத்து. பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலாகிவிட்ட அத்தகைய குட்டியை உடனே சூடாக்கினால், இரத்தத்தில் சர்க்கரை தீர்ந்து வலிப்பு வந்து இறக்கக்கூடும். முதலில் கால்நடை மருத்துவர் குளுக்கோஸ் செலுத்த வேண்டும். தலையைத் தூக்க முடியாத குட்டிக்குக் குழாய் வழியாகப் பால் புகட்டுவதும் தவறு.

இவற்றுக்கான ஆயத்தம் முன்பே தொடங்க வேண்டும். சினைக்காலம் சுமார் 147 நாள். கருவின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரங்களில்தான் நடக்கிறது என்பதால், தீவனக் குறைவு அப்போதுதான் தாயையும் மடியையும் கடுமையாகத் தாக்கும். குளிரைக் காட்டிலும், மழையோடு சேர்ந்து வீசும் காற்றே ஈரம் காயாத குட்டியைக் கொல்கிறது. ஆகவே வேலியோ புதரோ காற்றைத் தடுக்கும் நிலத்தை இதற்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் முக்கியும் முன்னேற்றமில்லை என்றாலோ, தலை மட்டுமோ வால் மட்டுமோ தெரிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கருவுற்ற பெண்கள் ஈனும் ஆடுகளையும், நஞ்சுக்கொடியையும், புதிதாய்ப் பிறந்த குட்டிகளையும் தொடக்கூடாது. ஆடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் சில கிருமிகள் அவர்களது கருவையும் பாதிக்கும். இந்த எச்சரிக்கையை ஆடுகள் ஈனும் பருவம் தொடங்குமுன் ஒவ்வோராண்டும் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆடு வளர்க்கும் வாசகர்