பட்ட மரத்தில் கோவாலா: விக்டோரியா சுற்றுச்சூழல் துறைக்கு ஒரு திறந்த மடல்

விக்டோரியா மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கும், பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் விக்டோரியாவுக்கும், மாநிலத்தின் தென்மேற்கில் புளூ கம் என்னும் யூகலிப்டஸ் மரத் தோட்டங்களை நடத்தும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

கோவாலா அழிந்துவருகிறது என்றுதான் வெளியுலகம் அறிந்திருக்கிறது. குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் தலைநகர் கான்பெரா பகுதியிலும் அது உண்மை. 2022 பிப்ரவரியில் அங்குள்ள கோவாலாக்களை ஆஸ்திரேலிய அரசு ஆபத்துக்குள்ளான இனப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் மாநிலத்தின் கதை வேறு. 2020-இல் செய்த மதிப்பீட்டின்படி விக்டோரியாவில் சுமார் 4,60,000 கோவாலாக்கள் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய 47,000 புளூ கம் தோட்டங்களில். மாநிலம் முழுக்கப் பரவியிருந்தால் இது ஒரு தொல்லையே இல்லை. கேப் ஆட்வே, புட்ஜ் பிம், பிரெஞ்சுத் தீவு என்று சில இடங்களில் குவிந்து கிடப்பதுதான் தொல்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். பட்டினி தொடங்குவதற்கு முன்பே கருத்தடையோடு தலையிடுங்கள். பட்டினி தொடங்கிய பிறகு உங்கள் கையில் கொல்லும் ஊசியும் துப்பாக்கியும் மட்டுமே மிஞ்சுகின்றன.

கேப் ஆட்வேயில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அங்கே கடலோரமாக நின்றது மன்னா கம் என்னும் யூகலிப்டஸ் மரக் காடு. கோவாலாவுக்கு மன்னா கம் இலை என்றால் அல்வா. வளர்ந்த கோவாலா ஒன்று நாளுக்குச் சுமார் அரைக் கிலோ தின்னும். ஹெக்டேருக்கு ஒன்று, அதற்கும் குறைவு என்றால் மரம் தாங்கும். 2013 வாக்கில் அங்கே சில பகுதிகளில் ஹெக்டேருக்குப் பத்தைத் தாண்டிவிட்டது. மொட்டையான மரம் தண்டிலிருந்து துளிர்விடும். அந்தத் துளிரையும் தின்றுவிட்டால் சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து மறுபடி துளிர்க்கும். சேமிப்பு தீர்ந்ததும் மரம் பட்டுப்போகும். பட்ட மரங்களுக்கு நடுவே எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்த கோவாலாக்களில் 686-ஐ 2013, 2014-இல் உங்கள் துறை ஊசி போட்டுக் கொன்றது. மக்களுக்கு அது தெரியவந்தது 2015-இல்.

பக்கத்துக் காட்டுக்குப் போகக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. போகாது. இலை தீர்ந்த பின்னும் அவற்றில் பெரும்பாலானவை இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. அருகிலேயே மெஸ்மேட் என்னும் வேறு வகை யூகலிப்டஸ் மரங்கள் பச்சையாக நின்றன. ஆனால் மன்னா கம் தின்று பழகிய கோவாலாவின் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் மெஸ்மேட் இலையைச் சமாளிப்பதில்லை. மெஸ்மேட் தின்னும் கோவாலாவின் எச்சத்திலிருந்து மாத்திரை செய்து கொடுத்தால் சிலவற்றின் தீனிப்பழக்கம் மாறுகிறது என்று 2019-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அருமையான ஆய்வுதான், ஆனால் ஆயிரக்கணக்கில் பசித்திருப்பவற்றுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 100 ஹெக்டேர் மன்னா கம் காடு, அதில் 80 கோவாலாக்கள். நோயில்லாமல் இலையும் நிறைந்திருந்தால் மூன்று, நான்கு ஆண்டுகளில் தொகை இரட்டிக்கும். மூன்று என்றே வைத்தால் மூன்றாம் ஆண்டில் 160, ஆறாம் ஆண்டில் 320, ஒன்பதாம் ஆண்டில் 640. இன்றைக்குக் கருத்தடை செய்ய வேண்டிய பெண் கோவாலாக்கள் ஏறத்தாழ 40. ஒன்பது ஆண்டு பொறுத்தால் 320. அதற்குள் மரமும் போயிருக்கும். செலவு கட்டாது என்று ஒவ்வொரு பட்ஜெட்டிலும் தள்ளிப்போடும் வேலை, தள்ளிப்போடுவதால்தான் கட்டுப்படியாகாமல் போகிறது.

எப்போது தொடங்குவது என்பதை மரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு காட்டுத் துண்டிலும் எண்ணிட்ட மரங்களை நிரந்தரமாகக் குறித்து, ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் அவற்றின் தழைப் பரப்பு எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்று பதியுங்கள். கோவாலாவை எண்ணும்போது ஒரு ஆள் போதாது. இலைக்கொத்துக்குள் உருண்டை பிடித்துத் தூங்குவதை யாரும் தவறவிடுவார்கள். இருவர் தனித்தனியே ஒரே தடத்தில் நடக்கட்டும். முதலாமவர் 20, இரண்டாமவர் 18, இருவரும் பார்த்தவை 15 என்றால், 20-ஐ 18-ஆல் பெருக்கி 15-ஆல் வகுங்கள்: உண்மையில் 24 இருக்கும். வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோனும் உதவும், ஆனால் குளிர்ந்த இரவிலும் விடியலுக்கு முன்னும்தான். வெயில் ஏறி மரமும் பாறையும் சூடானால் கோவாலா எது, கிளை எது என்று தெரியாது.

கருத்தடைக்கு நாங்கள் பரிந்துரைப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்வைப்பு. மனிதர்களுக்கான கருத்தடை மாத்திரையில் உள்ள அதே ஹார்மோன். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் வைத்தால் பல ஆண்டுகள் வேலை செய்யும். பிடிப்பதுதான் கடினம். நீண்ட கழியின் நுனியில் துணியையோ பிளாஸ்டிக் பையையோ கட்டி, கோவாலாவின் தலைக்கு மேலே ஆட்டினால் அது பின்பக்கமாகக் கீழே இறங்கும். அடியில் நிற்பவர் சாக்கோடு தயாராக இருக்க வேண்டும். நகம் பட்டால் தசை கிழியும். உயரமான மரத்துக்குக் கயிற்றில் ஏறத் தெரிந்தவர் வேண்டும். வெயில் கடுமையான நாளில் இந்த வேலையைத் தொடவே கூடாது. பிடித்ததும் பையில் குட்டி இருக்கிறதா, பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, தோள் எலும்பைச் சுற்றிச் சதை இருக்கிறதா என்று பார்த்துப் பதிந்து, காதில் வண்ணக் குறி மாட்டி, பிடித்த மரத்திலேயே விட வேண்டும்.

இதில் பிழைகள் எங்கே நேர்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆண்களுக்கு அறுவை செய்வது வீண். தப்பிய ஒரே ஆண் சுற்றியுள்ள பெண்கள் எல்லாருக்கும் போதும். வசந்தம் வந்து இணைசேரத் தொடங்கிய பிறகு போனால் ஒரு ஆண்டு கைவிட்டுப் போகும். பைக்குள் இருக்கும் குட்டிகள் எப்படியும் வளர்ந்து வெளியே வரும். முதல் ஆண்டில் தொகை குறையவில்லை என்று திட்டத்தை நிறுத்தக்கூடாது. வேலிக்கு அந்தப்பக்கம் தனியார் நிலத்தில் கருத்தடை செய்யாத கூட்டம் இருந்தால், அங்கிருந்து இளசுகள் வந்து இடத்தை நிரப்பும். கேப் ஆட்வேயில் மன்னா கம் பெரும்பகுதி தனியார் நிலத்தில்தான் இருக்கிறது. உரிமையாளர்களின் சம்மதத்தை முதலில் வாங்குங்கள்.

இடமாற்றம் செய்தால் ஆயிற்றே என்பது காதுக்கு இனிய யோசனை. கங்காரு தீவில் 1920-களில் கொண்டுபோய் விட்டவை 18. பிற்பாடு அவை காட்டைத் தின்னும் அளவுக்குப் பெருகவே, 1990-களின் இறுதியிலிருந்து தெற்கு ஆஸ்திரேலிய அரசு ஆயிரக்கணக்கில் கருத்தடை அறுவை செய்தது. ஆயிரக்கணக்கில் தென்கிழக்குப் பகுதிக்கும் ஏற்றிச் சென்றது. அதன் பிறகும் அங்கிருந்த புளூ கம் தோட்டங்களின் புண்ணியத்தில் தொகை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் இறக்கியது 2019-20 காட்டுத்தீ. பட்டினியால் மெலிந்த கோவாலாவை லாரியில் ஏற்றினால் போய்ச் சேர்ந்த இடத்தில் சாகும். வடக்கே அனுப்பவும் முடியாது: அங்கே கிளமிடியா என்ற பாக்டீரியா நோய்த் தொல்லை அதிகம், தின்னும் மர வகைகளும் வேறு. விக்டோரியாவுக்குள்ளேயே ஸ்ட்ரெசெலெக்கி மலைப்பகுதியில் எக்காரணம் கொண்டும் கொண்டுபோய் விடாதீர்கள். மாநிலத்தின் மற்ற கோவாலாக்களில் பெரும்பாலானவை தீவுகளில் விடப்பட்ட ஒரு சிலவற்றின் வழிவந்தவை. பழைய மரபணு வளம் கலப்பில்லாமல் மிஞ்சியிருப்பது அந்த மலையில்தான்.

தோட்ட நிறுவனங்களுக்கு. நம் நீலகிரியில் தைலம் காய்ச்சுகிறார்களே, அதே மரம்தான் உங்கள் புளூ கம். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கோவாலாக்களுக்குச் சோறு போட்டுவிட்டு ஒரே பருவத்தில் வெட்டிச் சாய்த்தால் அவை எங்கே போகும்? பக்கத்தில் மிஞ்சியிருக்கும் மன்னா கம் துண்டுக்குத்தான். கோவாலா இருக்கும் மரத்தைக் கண்டறிந்து, அதையும் சுற்றியுள்ள சிலவற்றையும் அன்றைக்கு வெட்டாமல் விடுவது அந்த ஒரு விலங்கின் உயிரைக் காக்கும். அடுத்த மாதம் அது எங்கே தின்னும் என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. வெட்டும் அட்டவணையைக் குறைந்தது இரண்டு ஆண்டு முன்னதாகத் துறைக்குக் கொடுங்கள். அடுத்தடுத்த தொகுதிகளை ஒரே ஆண்டில் வெட்டாதீர்கள். வெட்டு, நிற்கும் மரங்களை நோக்கி நகரட்டும். கருத்தடையை வெட்டுக்கு முன்பே தோட்டத்துக்குள் செய்யுங்கள். அங்கே மரங்கள் வரிசையாக நிற்பதால் பிடிப்பதும் எளிது.

2025 மார்ச்சில் மின்னல் தாக்கி புட்ஜ் பிம் பூங்காவில் 2,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தபோது, 700-க்கும் மேற்பட்ட கோவாலாக்களை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டீர்கள். எரிமலைப் பாறை நிலம், விழக் காத்திருக்கும் மரங்கள், நடந்து போக முடியாது என்றீர்கள். அந்த நாளில் வேறு வழி இருந்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மேலேயிருந்து சுடும்போது பைக்குள் குட்டி இருந்ததா என்று பார்க்க முடியாது. பூங்காவைச் சுற்றி எங்கே பார்த்தாலும் புளூ கம் என்பதும், அதை வெட்டினால் கோவாலாக்கள் எந்தப் பக்கம் வரும் என்பதும் தீக்கு முன்பே தெரிந்தவை.

நடவு பற்றி ஒரு வார்த்தை. நாற்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வது இன்றைய பட்டினிக்கு மருந்தாகாது. தின்னக் கொடுக்கும் மரமாக அது வளரப் பத்தாண்டு ஆகும். அதற்காக நடாமலும் இருக்க முடியாது. உள்ளூர் விதையிலிருந்து, மன்னா கம்மோடு கோவாலா அதிகம் விரும்பாத மரங்களையும் கலந்து நடுங்கள். வாலபி என்னும் சிறு கங்காரு கடிக்காமல் கூண்டு போடுங்கள். விதை தரும் முதிய மரங்களில் சிலவற்றின் அடித்தண்டில் வழுக்கும் தகட்டுப் பட்டை சுற்றலாம். பக்கத்து மரக் கிளை தொட்டுக்கொண்டிருந்தால் அந்த வழியாகக் கோவாலா ஏறிவிடும்; மரம் பருக்கப் பருக்கத் தகட்டைத் தளர்த்தாவிட்டால் தண்டை அறுக்கும். எல்லா மரத்துக்கும் பட்டை கட்டினால் பாரம் முழுக்கக் கட்டாத மரத்தின் மேல் விழும்.

தழை அளவு, எண்ணிக்கை, கருத்தடை செய்த பெண்கள், கொன்றவை: இந்த நான்கையும் ஒவ்வொரு காட்டுக்கும் ஆண்டுதோறும் ஜூன் மாதத்துக்குள் வெளியிடுங்கள். செப்டம்பரில் தொடங்கும் வசந்தத்துக்கு முன் களத்தில் இறங்க அப்போதுதான் நேரம் இருக்கும். புட்ஜ் பிம்மில் அந்தக் கணக்கு முதலில் பூர்வகுடிகளான குண்டிட்ஜ்மாரா மக்களின் கைக்குப் போகட்டும், நிலம் அவர்களுடையது.